வாத்தியங்களைக் கீழே வைத்தவர்கள்

பேண்டு வாத்தியம் இல்லாத ஊர்த் திருவிழாவை நம் வேலூர்ப் பகுதி மக்களால் எளிதில் எண்ணிப் பார்க்க இயலாது. தேர் ஆலய வாயிலை விட்டுப் புறப்படுகிறது என்பதை ஊருக்கு முதலில் அறிவிப்பது பெரிய டிரம்மின் முழக்கமே. அதன் பின்னே கிளாரினெட்டும் டிரம்பெட்டும் எழ, சிறுவர்கள் முன்னே ஓட, முதியோர் திண்ணையிலிருந்து எழுந்து நின்று கைகூப்புவர். அடக்கத்திற்குச் செல்லும் வழியிலும் அதே குழு, அதே சீருடை. மெட்டு மட்டும் மாறும். மகிழ்ச்சிக்கும் துயரத்திற்கும் ஒருங்கே துணைவரும் இசைக்குழுவை மக்கள் தம் குடும்பத்தில் ஒருவராகவே கருதுவதில் வியப்பில்லை.

இவ்வளவு அன்புக்குரிய ஓர் இசைக்குழுவைக் கலைத்துவிடலாமா? கலைப்பதற்கு உரிமை உடையவர் யார்? எந்தக் காரணம் அதற்குப் போதுமான காரணம்? இக்கேள்விகளை நாம் எழுப்புவதற்குக் காரணம், 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நூறாண்டு கடந்த ஒரு மாணவர் பேண்டு கலைக்கப்பட்டதே ஆகும். அந்நிகழ்ச்சியைச் சரியாக எடைபோட வேண்டுமாயின், இந்த இசை நம்மிடம் வந்த வழியையும், முன்னர் இவ்வாறு கலைக்கப்பட்ட வேறு குழுக்களின் கதையையும் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

ஐரோப்பியப் படைகளோடு தமிழகம் வந்த இசை இது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தம் அரண்மனையில் மேலைநாட்டு வாத்தியங்களைக் கொண்ட பேண்டு ஒன்றைப் பேணினார். அதே காலத்தில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டுசுவரம்' என்ற பெயரில் அவை இன்றும் இசை பயிலும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. அன்னியர் கொணர்ந்ததாயினும், அதனை நம்மவர் தமதாக்கிக்கொள்ள நெடுங்காலம் ஆகவில்லை.

கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இளையோர் இல்லங்களிலும் பேண்டு வாத்தியம் வேரூன்றியதற்கு மற்றொரு காரணம் உண்டு. இத்தாலியின் தூரின் நகரில், வால்தோக்கோ என்னும் இடத்தில், புனித தொன் போஸ்கோ ஏழைச் சிறுவருக்கென ஓர் இல்லம் நடத்திவந்தார். இசையற்ற இளையோர் இல்லம் உயிரற்ற உடலைப் போன்றது என்பது அவர்தம் உறுதியான எண்ணம். 1850களில் அங்கே சிறுவர்களின் பேண்டு ஒன்று தோன்றியது. அவருடைய சபையார் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தனர். 1928இல் சலேசியரான யூஜின் மெடர்லே ஆண்டகை சென்னைப் பேராயரானார். அவருக்குப் பின் 1935இல் லூயி மத்தியாஸ் ஆண்டகை அப்பொறுப்பை ஏற்றார். அந்நாளில் சென்னை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்த வடஆர்க்காட்டில் சலேசியரின் பணி பரவியது. 1951இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி எழுந்தது. 1952இல் வேலூர் தனி மறைமாவட்டமாயிற்று. பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல், பேண்டு ஆகிய மூன்றும் சேர்ந்தே இளையோரை வளர்க்கும் என்ற எண்ணம் அவர்களுடன் நம்மிடையே வந்தது.

இங்கே பலரும் அறியாத ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். இசையின்றி இல்லமில்லை என்று கருதிய அதே தொன் போஸ்கோ, ஒருமுறை தம் சிறுவர்களின் பேண்டைத் தாமே கலைத்தார்.

இசைக் கலைஞரின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள் நவம்பர் 22. அந்நாளில் வாத்தியம் இசைக்கும் சிறுவர்கள் இல்லத்தை விட்டு வெளியே சென்று விருந்துண்பது வழக்கமாகியிருந்தது. அவ்வழக்கம் அவர்களுக்கு நன்மை பயக்காது என்று கண்ட தொன் போஸ்கோ அதனைத் தடுத்தார். மாறாக, இல்லத்திலேயே நல்ல விருந்து அளிப்பதாகக் கூறினார். ஆயினும், 1859ஆம் ஆண்டளவில், சிறுவர்கள் அவர் சொல்லை மீறி வெளியே சென்றனர். அவர்களுடன் செல்லாது நின்றவர் யோசேப்பு புசெத்தி. சிறுவயதிலேயே கட்டட வேலைக்காகத் தூரினுக்கு வந்து, தொன் போஸ்கோவின் முதல் மாணவர்களுள் ஒருவராகி, பிற்காலத்தில் சலேசிய சகோதரராக வாழ்ந்தவர் அவர். தொன் போஸ்கோ அவரை அழைத்து, வாத்தியங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு பணித்தார். பேண்டு கலைந்தது. மீறிச் சென்றவர்களை வரவழைத்து, இக்கடுமைக்குத் தம்மை உள்ளாக்கினார்களே என்று வருந்தி விடைகொடுத்தார்.

ஆனால் அவர் புசெத்திக்கு இட்ட கட்டளை அத்துடன் முடியவில்லை. புதிய சிறுவர்களைத் தேடி, அவர்களுக்கு இசை கற்பிக்கத் தொடங்க வேண்டும் என்பது அதன் மறுபாதி. வாத்தியங்கள் பெட்டியில் கிடக்க விடப்படவில்லை. இன்று நோக்கின் அத்தண்டனை கடுமையானதாகவே தோன்றும். ஒரு விருந்துக்காகவா இவ்வளவு, என்று கேட்போரும் உண்டு. எனினும் கலைத்தவர் இசையின்மீது வெறுப்புக் கொள்ளவில்லை என்பதும், கலைத்த கையோடு மறுபடி கட்டத் தொடங்கினார் என்பதும் மறுக்க முடியாதவை.

இரண்டாவது நிகழ்ச்சி அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கால்பந்து ஆட்டங்களின்போது மாணவர் பேண்டு இசைப்பது நெடுநாள் மரபு. பெரும்பாலானவை பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் அணிவகுத்துச் செல்வன. சில குழுக்களோ மாணவராலேயே நடத்தப்பட்டு, அணிவகுப்பைக் கேலி செய்வதுபோல் திடலெங்கும் சிதறி ஓடி, நகைச்சுவை நாடகங்களும் நடத்துவன. வர்ஜீனியாவில் 1974 முதல் இயங்கிய குழு இவ்வகையைச் சேர்ந்தது. 2002 டிசம்பரில் நடந்த ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் அக்குழு, எதிரணியின் மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் மக்களைப் பட்டிக்காட்டார் என்று கேலி செய்யும் காட்சி ஒன்றை நடத்தியது. அம்மாநில ஆளுநரே சினமுற்று மன்னிப்புக் கேட்குமாறு கோரினார். 2003இல் செல்வர் ஒருவர் 15 லட்சம் டாலர் நன்கொடை அளிக்க, முறையான அணிவகுப்புப் பேண்டு ஒன்று உருவாகி 2004இல் திடலில் இறங்கியது. மாணவர் குழுவுக்கு விளையாட்டரங்கில் இடமில்லாமற் போயிற்று.

புதிய குழு நன்றாகவே இசைத்தது. அதற்கு நல்ல ஆசிரியரும் நல்ல வாத்தியங்களும் கிடைத்தன. மாணவர் தாமே நடத்திய ஒன்றின் இடத்தில், அவர்களுக்காகப் பிறர் நடத்தும் ஒன்று வந்தது. தவறு செய்த இளையோர் தம் தவற்றை உணர்ந்து திருந்தி நிற்கும் வாய்ப்பு இந்த மாற்றத்தில் எங்கே இருந்தது என்பதுதான் நம் கேள்வி. பணம் ஒரு சிக்கலை விரைவில் மறைத்துவிடும். தீர்த்துவிட்டதாகச் சொல்ல இயலாது.

இனி நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட கொலம்பியாவுக்கு வருவோம். நியூயார்க் நகரிலுள்ள இப்பல்கலைக்கழகத்தின் பெயர் நம்மவருக்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற இடம் அது. அவர் அங்கு சென்றபோது அதன் மாணவர் பேண்டுக்கு 9 வயது. 1904இல் அது தோன்றியது. பிற்காலத்தில் அதுவும் சிதறி ஓடும் நகைச்சுவைக் குழுவாக மாறி, உலகிலேயே மிக்க அறிவுக்கூர்மை வாய்ந்த பேண்டு என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்டது. 1983 முதல் 1988 வரை அப்பல்கலைக்கழகக் கால்பந்து அணி தொடர்ந்து 44 ஆட்டங்களில் தோற்றது. அந்த ஆண்டுகளிலும் குழு கலைந்துவிடவில்லை. தோற்கும் அணிக்காகவும் வாசிப்பவரைச் சுற்றி ஒரு தனி அன்பு வளர்வது இயல்பு.

கரிம வேதியியல் தேர்வுக்கு முந்திய நள்ளிரவில் பெரிய நூலகத்தின் படிப்பறைக்குள் புகுந்து, இசையும் கேலியுமாக மாணவரின் அச்சத்தைப் போக்குவது 1970களில் தொடங்கிய அக்குழுவின் மற்றொரு வழக்கம். நாளடைவில் அக்கேலி எவரையெல்லாம் சுடுகிறது என்ற கேள்வி எழுந்தது. பெண்களையும் சிறுபான்மையினரையும் அது புண்படுத்துகிறது என்று மாணவரே முறையிட்டனர். 2016 டிசம்பரில் நூலகத்துக்குள் நிகழ்ச்சி நடத்த நிர்வாகம் தடை விதித்தது. குழு நூலகத்தின் வெளியே நின்று வாசித்தது. 2019இல் நிதி உதவியையும் ஆட்டங்களில் இடத்தையும் பற்றிப் பெரும் பூசல் மூண்டது. அதுவரை இக்கதை, அடக்க நினைக்கும் நிர்வாகத்துக்கும் அடங்க மறுக்கும் இளமைக்கும் இடையே நடக்கும் போராட்டமாகவே பலருக்குத் தோன்றியது.

முடிவோ வேறு திசையிலிருந்து வந்தது. 2020இல், குழுவுக்குள்ளேயே பாலியல் துன்புறுத்தலும் இனப் பாகுபாடும் நிகழ்ந்தன என்று பெயர் குறிப்பிடாத பல முறையீடுகள் வெளிவந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் உறுப்பினர் கூடிப் பேசினர். ஒருமனதாகக் குழுவைக் கலைக்கத் தீர்மானித்தனர். 116 ஆண்டு வரலாறு மாணவரின் சொந்த முடிவால் நிறைவுற்றது. நிர்வாகம் முயன்றபோதெல்லாம் எதிர்த்து நின்றவர்கள், தம் தோழர்களின் கண்ணீரைக் கேட்டபோது வாத்தியங்களைத் தாமே கீழே வைத்தனர்.

இது தேவைதானா, குற்றம் செய்தவரை விலக்கிவிட்டுக் குழுவைக் காப்பாற்றியிருக்கலாமே என்ற வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஒரு தலைமுறை செய்த குற்றத்துக்கு முன்பு வாசித்தவரின் நினைவுகளும் இனி வாசிக்கவிருந்தவரின் கனவுகளும் ஏன் பலியாக வேண்டும்? எனினும் அம்மாணவரின் முடிவில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. திடலின் விளிம்பில் நின்று கைதட்டுவோர் அடையும் மகிழ்ச்சி மட்டும் ஓர் இசைக்குழுவுக்கு அளவுகோல் ஆகாது. வாத்தியத்தைத் தோளில் சுமப்பவர் என்ன சுமக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும்.

தோல் தொழிலால் வாழும் நம் வட்டாரத்துக்கு இவ்வுண்மை நியூயார்க்கிலிருந்து வரவேண்டியதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் தோலைப் பதப்படுத்தும் கைகளுள் பெரும்பகுதி, ஊர் ஒதுக்கிவைத்த மக்களின் கைகளே. அந்தத் தோலால்தான் பறையும் ஆகிறது. சாவுக்குப் பறையடிப்பதை ஒரு சாதியின் கட்டாயக் கடமையாக்கி, முழக்கத்தை விரும்பியவாறே முழக்குபவரை இழிவாக நடத்தியது நம் தமிழ்ச் சமுதாயம். 20ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் பல ஊர்களில் அம்மக்கள், இனி அடிப்பதில்லை என்று பறையைக் கீழே வைத்தனர். மரபு அழிகிறதே என்று அன்று வருந்தியவர்கள், அந்த மரபைச் சுமந்தவர் பட்ட அவமானத்தை எண்ணவில்லை. சிலவிடங்களில் அம்மறுப்புக்கு அடியும் உதையும் பரிசாகக் கிடைத்தன.

கீழே வைக்கப்பட்ட பறை அங்கேயே கிடந்துவிடவில்லை என்பது இதன் மறுபாதி. பிற்பட்ட ஆண்டுகளில் அதே மக்களின் பிள்ளைகள் அதனை விடுதலையின் கருவியாக, தம் விருப்பத்தால், நிமிர்ந்த தலையுடன் மீண்டும் கையிலெடுத்தனர். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990ஐ ஒட்டித் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையை முழக்கி ஆடியபோது, ஆண்களுக்கே உரியதென்றும் சாவுக்கே உரியதென்றும் கருதப்பட்ட ஓசை வேறொரு பொருள் பெற்றது. கட்டாயத்தின் பறை ஓய்ந்த பின்னரே உரிமையின் பறை ஒலித்தது.

நாம் கண்ட நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். நிர்வாகம் தன் வசதிக்காகவோ கொடையாளர் தம் செல்வாக்காலோ ஒரு குழுவை அகற்றும்போது இளையோர் எதையும் கற்பதில்லை. தந்தையின் பொறுப்போடு கலைப்பவர் மறுநாளே புதிய சிறுவரைத் தேடுகிறார். உறுப்பினரே மனச்சான்றின் குரலைக் கேட்டு நிறுத்தும்போது, அந்த மௌனமும் ஒருவகை அறச்செயலாகிறது. நீதியில்லாத இடத்தில் எழும் பாடலின் இரைச்சலை ஆண்டவர் கேட்க விரும்பவில்லை என்று அறிவித்த இறைவாக்கினர் ஆமோஸ், இசையின் பகைவர் அல்லர்.

நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் உள்ள பேண்டுக் குழுக்களை இந்நோக்கில் ஒருமுறை காண்பது நன்று. தேரின் முன்னே மணிக்கணக்காக வெயிலில் வாசித்து வருபவருக்கு யாரேனும் தண்ணீர் கொடுக்கிறோமா? பேசிய கூலியை அன்றே தருகிறோமா? திருவிழா விருந்தில் அவர்களுக்கும் நம்மோடு ஒரே பந்தியில் இலை விரிக்கிறோமா? பள்ளிப் பேண்டில் பெரிய மாணவர் சிறியவரை எவ்வாறு நடத்துகின்றனர் என்று ஆசிரியரும் பெற்றோரும் கேட்டறிகிறோமா? இக்கேள்விகளைக் காலத்தில் கேட்டால், எந்தக் குழுவையும் கலைக்க வேண்டிய நிலை வராது. எங்கோ ஒரு பள்ளியின் அலமாரியில் பேண்டு ஒன்று பூட்டிக் கிடக்குமாயின், அதன் பித்தளையைத் துலக்கி, புதிய சிறுவர் சிறுமியரின் கைகளில் கொடுக்கும் புசெத்தி ஒருவர் நம்மிடையே எழவேண்டும்.