பாங்கி மாணவர் நால்வரின் வழக்கு

காஜாங்கை அடுத்த பாங்கியில் இயங்கும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நால்வர், 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது பரப்புரைப் பொருள்களுடன் பிடிபட்டு, எந்த அரசியல் கட்சிக்கும் மாணவர் ஆதரவோ எதிர்ப்போ காட்டலாகாது என்னும் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 15ஆம் பிரிவை மீறியதாக ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாயினர். நால்வரும் அவ்விதியையே எதிர்த்து வழக்காடினர்; துணிவான செயல் அது. 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், பேச்சுரிமையைக் காக்கும் அரசமைப்பின் 10ஆம் உறுப்புக்கு அவ்விதி முரணானது என்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. திருமணம் செய்யவும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடவும் வயது வந்த மாணவர், கட்சி குறித்து மட்டும் வாய் திறக்கலாகாது என்பதன் பொருந்தாமையை நீதிபதி ஹிஷாமுடின் யூனுஸ் எடுத்துக்காட்டியது, தீர்ப்பின் உயிர்ப்பகுதி எனலாம். 2012இல் சட்டம் தளர்ந்தது. வளாகத்துக்குள் கட்சிப்பணிக்கு இருந்த தடையை அகற்றும் திருத்தம் 2018 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.