துலா மிதித்த கால்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறையின் கீழே தங்கி நிற்கும் மழைநீரே அதன் செல்வம். பருத்தித்துறை வீதியில் கோப்பாயைக் கடந்ததும் எதிர்ப்படும் நீர்வேலியின் செம்மண்ணில் வாழையும் புகையிலையும் செழித்தமைக்கு அந்நீரே காரணம் என்பர். உண்மைதான். ஆனால் நீர் தானாக மேலே வரவில்லை. மனிதனின் கால்கள் அதனை மேலே கொணர்ந்தன. அந்தக் கால்களின் சரித்திரத்தை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆடுகாலின் மீது பொருத்திய நெடிய துலாவில் இருவரோ மூவரோ முன்னும் பின்னும் நடப்பர். கிணற்றடியில் நிற்பவர் பட்டையை இறக்கி, எழுந்து வரும் நீரை வாய்க்காலிற் கவிழ்ப்பார். இன்னொருவர் மண்வெட்டியுடன் பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்புவார். துலாவில் நடப்பவருக்குக் காலும் உடற் சமநிலையும், பட்டை பிடிப்பவருக்குத் தோளும் முதுகும், நீர் திருப்புபவருக்கு இடுப்பும் பயிற்சி பெற்றன. இவர்கள் ஆள் மாறி நின்றபோது ஒரு தசை உழைக்க, மற்றொன்று ஆறிற்று. பருவம் மாற வேலையும் மாறிற்று: கொத்துதல், நடுதல், களை பிடுங்குதல், குலை சுமத்தல். உடல் வளத்திற்குப் பலவகை அசைவு வேண்டும் என்னும் உண்மையை உழைப்பே போதித்தது.

எனினும் இதனைப் பொற்காலமென்று பாடுவது பொய்யாகும். சொந்தத் தோட்டமுடையவன் களைத்தபோது வேலையை மாற்றிக்கொள்ளலாம். கூலிக்கு மிதித்தவனுக்கு அந்த உரிமை ஏது? எந்தத் தொழிலைச் செய்வது என்பதைச் சாதி பிறப்பிலேயே விதித்தது. காலையும் மாலையும் பனையேறியவனின் மார்பிலும் பாதத்திலும் காய்த்த தழும்பு, ஒரே அசைவுக்கு ஆயுள் முழுதும் கட்டுண்டதன் முத்திரையன்றோ?

இக்கொடுமை நமக்கு மட்டும் உரியதன்று. தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாசினி, ஓயாது அமர்ந்து ஒரே விதமாகக் கையை அசைக்கும் எழுத்தர்களின் துன்பத்தைக் குறித்து வைத்தார். 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ், நுணுகிய வேலைப் பிரிவினை மனிதனை முடமாக்குவதைக் காட்டினார். உழைப்பு, கல்வி, தேகப்பயிற்சி மூன்றும் இணைந்த எதிர்காலக் கல்வியின் வித்தை ராபர்ட் ஓவனிடம் கண்டார். ஸ்கொட்லாந்தின் நியூ லானார்க் ஆலையூரில் 1816-இல் ஓவன் திறந்த பள்ளியில், தொழிலாளரின் பிள்ளைகள் நடனமும் அணிநடையும் பயின்றனர்.

நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, துலா ஓய்ந்தது. அதற்காக அழ வேண்டியதில்லை. முதுகொடியும் பாரத்தை இறக்கிவைத்த இயந்திரம் வரவேற்புக்குரியதே. ஆனால் பாரம் நீங்கிய இடத்தில் நாற்காலி வந்து அமர்ந்தது. 1953-இல் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரை ஆராய்ந்த ஜெரி மோரிஸ், இருந்தபடி பஸ் ஓட்டிய சாரதிகளைவிட, மாடிப் பஸ்ஸில் ஏறியிறங்கிய நடத்துநர்களிடம் இருதய நோய் குறைவென்று கண்டார். மறுபுறம், 1978-இல் எழுந்த கட்டுநாயக்கா வர்த்தக வலயத்திலோ, இளம் பெண்களின் விரல்கள் ஒரே தையலைத் திரும்பத் திரும்பப் போடலாயின. அசைவின்மை ஒரு நோய். ஒரே அசைவு மற்றொரு நோய்!

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறியும் இதனையே சொல்கிறது. வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும். அதனோடு, தசையை வலுவாக்கும் பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும். 65 வயதைக் கடந்தோர், விழாது நிற்கச் சமநிலையும் வலிமையும் சேர்ந்த கலப்புப் பயிற்சியை மூன்று நாளேனும் செய்தல் நன்று. நடை இருதயத்தைக் காக்கும். சுமை எலும்பை உறுதியாக்கும். வளைதல் மூட்டை இளக்கும். ஒன்றின் பணியை மற்றொன்று முழுதாகச் செய்யாது.

ஆசிரியர்களே, மாணவர்களே! தேகாப்பியாசப் பாடவேளையைப் பரீட்சைக்குப் பலியிடுவது எவ்வகையில் நியாயம்? ஓட்டம், நிறுத்தம், திருப்பம், ஏய்ப்பு ஆகிய அனைத்தும் அடங்கிய கிளித்தட்டுக்குக் காசு வேண்டாம். கோடு கீற ஒரு வெளி போதும். அந்த வெளி பெண் பிள்ளைக்கும், கூலியாளின் பிள்ளைக்கும் சமமாகத் திறந்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலும் வேலையை மாற்றிக்கொள்ளும் உரிமையும் ஓய்வும் கோரிப் பெறப்படவேண்டும். துலா மிதித்த கால்களுக்கு மறுக்கப்பட்டது அந்த உரிமையே. அதனை அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கேனும் பெற்றுத் தருவது நம் கடன்.