டிராம்போன்: பாடத் தெரிந்த பித்தளை

தக்கலை, நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்குப் பேண்ட் செட் என்றால் சர்ச் பவனியும் அடக்க ஊர்வலமும்தான் நினைவுக்கு வரும். டிரம், டிரம்பெட் எல்லோருக்கும் தெரியும். ஆனால் குழாயை முன்னும் பின்னும் இழுத்து வாசிக்கிறார்களே, அந்த நீள வாத்தியம்? அதுதான் டிராம்போன். வெறும் ஊர்வலச் சத்தம் என்று நாம் நினைக்கும் இந்த வாத்தியம் சர்ச்சுக்குள்ளே பாடகர்களோடு வளர்ந்தது என்பது பலருக்குத் தெரியாத விஷயம்.

டிராம்போன் 15-ஆம் நூற்றாண்டில் உருவானது. அதன் இழுகுழாய்க்கு இடையில் தடை கிடையாது. அதனால் மனிதக் குரலைப் போலவே நுணுக்கமாகச் சுருதி சேர்க்க முடியும். மெதுவாகவும் வாசிக்கலாம். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பேஸ் என்று நாலு குரலுக்கு நாலு அளவிலும் செய்தார்கள். ஐரோப்பிய தேவாலயங்களில் பாடகர்களின் குரலுக்குத் துணையாக இவை கூடவே ஒலித்தன.

1629-ல் ஹைன்ரிஷ் ஷூட்ஸ் என்ற ஜெர்மானியர், மகன் அப்சலோமை இழந்த தாவீதின் புலம்பலுக்கு இசையமைத்தார். அதில் ஒரே ஒரு பேஸ் குரல், கூடவே 4 டிராம்போன்கள். ஒரு அப்பனின் அழுகைக்கு அவர் தேர்ந்தெடுத்தது இந்த வாத்தியத்தைத்தான். பீத்தோவன் 1812-ல் லின்ஸ் நகரில் கல்லறைத் திருநாளுக்காக 4 டிராம்போன்களுக்கு 3 சிறிய இசைகளை எழுதினார். 1827-ல் அவருடைய சொந்த அடக்கத்திலேயே அவற்றில் இரண்டு ஒலித்தன, பாடகர்களின் குரலோடு மாறி மாறி!

இதைவிட ஆச்சரியமானது மொராவியச் சபையின் கதை. அமெரிக்காவின் பெத்லகேம் என்ற ஊரில் இவர்கள் 1754-ல் டிராம்போன் குழு ஒன்றை ஆரம்பித்தார்கள். சபையில் யாராவது இறந்தால் குழு மூன்று ஞானப்பாட்டுகளை வாசிக்கும். இரண்டாவது ராகத்தைக் கேட்டாலே இறந்தவர் மணமானவரா, விதவையா, இளைஞரா என்று ஊருக்குப் புரிந்துவிடும். ஒரு வார்த்தை பேசாமலே துக்கச் செய்தி! இதே சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, 1803 வரை இருந்தார்கள்.

குமரி மாவட்டத்தோடு நெருங்கிய தொடர்பு உள்ளது இரட்சணிய சேனையின் பேண்டுக்குத்தான். 1878-ல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் சார்லஸ் ஃபிரை என்பவரும் அவருடைய 3 மகன்களும் தெருப் பிரசங்கத்துக்குத் துணையாக வாசிக்க ஆரம்பித்தார்கள். அந்த நாலு வாத்தியங்களில் ஒன்று டிராம்போன். நாலு ஆண்டுகளில், 1882-ல், பிரெடரிக் டக்கர் தலைமையில் சேனை பம்பாயில் வந்து இறங்கியது. வாத்தியம் முழங்கத் தெருவில் ஊர்வலம் போனதற்காகக் கைது செய்யப்பட்டார்கள். டக்கர் சிறைக்கும் போனார். தெருவில் பாட்டோடு நடக்கும் உரிமைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. அடுத்த பத்தாண்டுக்குள் சேனை தென் திருவிதாங்கூருக்கும் வந்தது. நாகர்கோவிலின் கேதரின் பூத் மருத்துவமனை அதன் அடையாளமாக இன்றும் நிற்கிறது.

ஏழைகளின் தெருவுக்குப் பாட்டைக் கொண்டுபோனது பெரிய காரியம்தான். ஆனால் தெருவில் டிரம் சத்தத்துக்கு நடுவே டிராம்போனின் மெல்லிய குரல் எடுபடாது. அங்கே மட்டுமே கேட்டுப் பழகியதால், அதற்குப் பாடவும் தெரியும் என்பது நமக்குத் தெரியாமலே போய்விட்டது.

பாமாலைப் பாட்டுகளில் பெரும்பாலானவை நாலு குரலுக்கு அமைந்தவை. டிரம்மைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, நாலு டிராம்போன்கள் மட்டும் சர்ச்சுக்குள் ஒரு பாட்டை மெதுவாக வாசித்தால் எப்படி இருக்கும்? வார்த்தைகள் சபைக்கு மனப்பாடம். ஆகவே வாத்தியம் வாசிக்க வாசிக்க, கேட்பவர்களே மனசுக்குள் பாடுவார்கள். அடக்க ஆராதனையில் அதைவிட ஆறுதலான குரல் வேறு என்ன இருக்க முடியும்?