நாடகத்துக்கு வண்டி கட்டியவர்

கம்பெனி நாடகங்கள் ஓடிய காலத்தில், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் போன்ற நகரங்களைச் சுற்றியிருந்த கிராமங்களில் ஊருக்கொரு மனிதர் இருந்தார். அவர் நடிகரல்லர், பாட்டு வாத்தியாரல்லர். கம்பெனியோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. வயலும் வரப்புமாக இருப்பார், இல்லையென்றால் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருப்பார். நகரத்தில் கம்பெனி வந்து இறங்கிய செய்தி காதில் விழுந்துவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. வீடு வீடாகப் போய்ப் பேசுவார். ஆள் சேர்ப்பார், வண்டி பேசுவார். ஒரு ராத்திரி முழுக்க அத்தனை பேரையும் நாடகம் பார்க்க வைத்து, விடிந்ததும் அவரவர் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். லாபம் ஒன்றுமில்லை. கைக்காசு போனதுதான் மிச்சம். அந்த மனிதரும் இன்று இல்லை, அப்படியொரு ஆசையும் இன்று யாருக்கும் இல்லை. நாடக ஆசிரியர்களுக்கும் நடிகர்களுக்கும் இரங்கற்பா பாடியிருக்கிறோம், சிலை வைத்திருக்கிறோம். இவருக்கு ஒருவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

அன்றைய கம்பெனிகள் ஊர் ஊராக வாழ்ந்தவை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்று பல. படுதா, சீன், உடுப்புப் பெட்டி, ஆர்மோனியப் பெட்டி, சமையல்காரர், வாத்தியார், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் என்று ஒரு குட்டி ஊரே ரயிலேறி வரும். தகரக் கொட்டகையிலோ கீற்றுக் கொட்டகையிலோ வாரக்கணக்கில், வசூல் நன்றாக இருந்தால் மாதக்கணக்கில் முகாம். கடல் தாண்டி இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன குழுக்களும் உண்டு. மேடை நட்சத்திரங்களான கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து மேடையேறத் தொடங்கியது கொழும்பில்தான்.

நாடகம் என்றாலே அப்போது பாட்டு. ராஜபார்ட் எனப்பட்ட கதாநாயக நடிகருக்குக் குரல் இல்லையென்றால் மற்ற எது இருந்தும் பயனில்லை. பிடித்த பாட்டுக்கு ‘ஒன்ஸ்மோர்’ சத்தம் கொட்டகையைத் தூக்கும்; கதை நின்று காத்திருக்கும். வசனத்தைவிடப் பாட்டிலேயே தர்க்கம் நடந்தது. வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் வாதாடுவதைக் கேட்கவே தனிக் கூட்டம் வந்தது.

இந்தக் கொட்டகைக்கும் ஐந்தாறு மைல் தள்ளியிருந்த கிராமத்துக்கும் நடுவில் நின்றவர்தான் நம் மனிதர். நோட்டீஸ் போடும் குதிரைவண்டி நகரத்துத் தெருக்களோடு திரும்பிவிடும். கிராமத்துக்கு வந்த நோட்டீஸ் என்பது சந்தைக்குப் போனவர் மடித்துக் கொண்டுவந்த காகிதம்தான். அதை வாங்கிப் படித்துவிட்டு அவர் முதலில் தனியாக ஒரு நடை போய்ப் பார்த்துவருவார். இதை அவர் பொறுப்பாகவே செய்தார். ராஜபார்ட்டின் தொண்டை எப்படி, ஸ்திரீபார்ட் என்ற பெண்வேடம் போடும் பையனுக்குக் குரல் உடைந்துவிட்டதா, பபூன் பெண்கள் காதில் போட முடியாத பேச்சு ஏதும் பேசுகிறானா, எந்த நாடகத்தில் சீன் ஜோடனை நன்றாக இருக்கிறது என்று எல்லாம் பார்த்துக்கொண்டு வந்துதான் வாய் திறப்பார். ‘பவளக்கொடி வேண்டாம், கோவலனுக்குப் போவோம்’ என்று அவர் சொன்னால் அதற்கு மறுபேச்சு இருக்காது. இன்று பத்திரிகை விமர்சகருக்குக்கூட இவ்வளவு செல்வாக்கு இல்லை. விமர்சகர் சொல்லைக் கேட்டு இருபது முப்பது பேர் வண்டியேறுவதில்லை.

நாள் குறிப்பது அடுத்த வேலை. அறுப்பு முடிந்து கையில் நாலு காசு புழங்கும் மாதமாக இருக்க வேண்டும். வளர்பிறையாக இருந்தால் வழிக்கு நல்லது. யார் வீட்டிலும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, துக்கம் இருக்கக்கூடாது. காசில்லாதவர்களுக்குத் தான் போட்டுவிட்டு, பிறகு நெல்லாக வாங்கிக்கொள்வார், வாங்காமலும் விடுவார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கூண்டு வண்டி, ஆண்களுக்கு மொட்டை வண்டி. வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு. தூக்குச்சட்டியில் புளியோதரை. மாட்டுக்குத் தீவனம் தனிக்கட்டாக. வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் அவர் டிக்கெட் எடுத்தார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. மாடுகளுக்குக் காவல் இருக்க ஆள் முறை வைத்து, ஒருவர் முன்பாதி பார்த்தால் மற்றவர் பின்பாதி பார்ப்பாராம். வழி முழுக்க முன்பாதிக்காரர் பின்பாதிக்காரரிடம் கதை கேட்டுக்கொண்டே வருவார்.

அவர் செய்ததில் பெரிதென்று நான் நினைப்பது பெண்களை அழைத்துப் போனது. கூத்தாடி, நாடகக்காரன் என்றாலே முகம் சுளித்த காலம் அது. குடும்பப் பெண் ராத்திரியில் கொட்டகைக்குப் போவது பேச்சுக்கு இடமாகும். ஆனால் நாலு வீட்டுப் பெண்கள் ஒன்றாக, ஒரு கிழவியைத் தலைக்கட்டாக வைத்துக்கொண்டு, ஊரறிந்த ஒருவர் பொறுப்பில் போனால் யாரும் வாய் திறக்க முடியாது. கொட்டகையிலும் பெண்களுக்குத் தனிப் பக்கம், தனி வாசல் இருந்தது. எங்கள் அப்பத்தா தன் வாழ்நாளில் கோயில், கல்யாணம், சாவு ஆகிய காரியங்கள் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டியது நாடகத்துக்காக மட்டுமே. கண்ணகி சிலம்பை உடைத்த இடத்தில் பெண்கள் பக்கமிருந்து எழுந்த சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது, அந்த வயதிலும் அவர் குரல் மாறும். வீட்டில் உரக்கப் பேசியறியாதவர்கள் அங்கே பாண்டியனைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள்.

கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் ஒரு பிரதி கட்டாயம் வண்டியில் ஏறும். படிக்கத் தெரிந்த ஒரு பையன் அடுத்த சில மாதங்களுக்கு அதைப் பலமுறை உரக்கப் படிக்க வேண்டியிருக்கும். களத்துமேட்டில் அந்த மெட்டுகள் கேட்கும். பாடுகிறவர்களில் பாதிப் பேர் கொட்டகையைப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

பெரிய அளவில் இதே வேட்கை ரயிலையும் இழுத்திருக்கிறது. கும்பகோணத்தில் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் குழு நடத்திய பாலாமணி அம்மாளின் நாடகம் பார்க்க, திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் தனி ரயில்கள் விடப்பட்டன, அவற்றை ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே அழைத்தார்கள் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த ரயில்களிலும் பெட்டிக்குப் பெட்டி இப்படி ஆள் சேர்த்துக் கூட்டிவந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இதை எழுதும்போது மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. அந்த வண்டியில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. சேரியிலிருந்து நாடகம் பார்க்க வந்தவர்கள் நடந்துதான் வந்தார்கள். திரையரங்குதான் தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் என்று ஆய்வாளர் கா. சிவத்தம்பி எழுதினார். அதை ஒப்புக்கொள்ளாமல் இந்த மனிதரைப் புகழ்வது நியாயமில்லை. சினிமா வந்து வண்டியை நிறுத்தியபோது சிலருக்கு இழப்பு, சிலருக்கு முதன்முறையாக ஒரு நாற்காலி.

சினிமா வந்ததும் நாடகத்தின் வழியாகத்தான். 1931இல் ‘காளிதாஸ்’ பேசியது. 1933இல் ‘வள்ளி திருமணம்’, 1934இல் ‘பவளக்கொடி’ என்று நாடகத்தின் கதைகளையே படம் எடுத்துக்கொண்டது, ராஜபார்ட்டுகளையும் எடுத்துக்கொண்டது. பவளக்கொடியில் நடித்த தியாகராஜ பாகவதரும், பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி.யு. சின்னப்பாவும், எம்.ஜி.ஆரும், டி.கே.எஸ். குழுவின் என்.எஸ். கிருஷ்ணனும் போன வழி எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்குத் திரை எழுதிய ஓவியர்களும் வேறு வேலை தேடினார்கள். படுதா வரைந்துகொண்டிருந்த கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவர் வரைந்த தெய்வங்கள் காலண்டராகத் தமிழ்நாட்டுச் சுவர்களுக்கெல்லாம் வந்தன. நாடகக் கொட்டகைகள் சினிமாக் கொட்டகைகளாயின. பிறகு டூரிங் டாக்கீஸ் ஊர்ப்பக்கமே வந்து கூடாரம் போட்டது. சாப்பிட்டுவிட்டு நடந்து போகும் தூரம். என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம், தனியாகவும் போகலாம். ஊரைக் கூட்டி நாள் குறிக்கும் அவசியமே போய்விட்டது. 1950களுக்குள் ஊர் ஊராக முகாம் போடும் பெருங்கம்பெனிகளின் காலமும் முடிந்தது. சென்னையில் சபா நாடகங்கள் செழித்தன. அவற்றைப் பார்த்தவர்கள் சந்தா கட்டிய உறுப்பினர்கள். மழை வந்தால் ஆட்டோவில் திரும்பும் தூரத்தில் அவர்கள் வீடு இருந்தது.

நாடகம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது. மதுரையில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. விழாக் கமிட்டி தனித்தனியே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று தேதி வாங்கி ஒரு செட்டைச் சேர்க்கிறது. அந்தக் கலைஞர்களின் உழைப்பை நான் நெஞ்சார மதிக்கிறேன். ஆனால் அங்கே நாடகம் நம் வாசலுக்கு வருகிறது, ஊர் வரிப்பணத்தில் இலவசமாக நடக்கிறது. பபூன் டான்ஸ் முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போகிறது. தர்க்கத்தின்போது முன்வரிசையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். வண்டி கட்டிப் போனவர்கள் அப்படி எழுந்து போக முடியாது. அவர்கள் ஒரு நாடகத்தைத் தேர்ந்து, காசு சேர்த்து, வழி கடந்து வந்தவர்கள். பாட்டு சரியில்லையென்றால் கொட்டகை அதிரக் கேட்பார்கள். அந்தக் காதுக்குப் பயந்துதான் நடிகர்கள் விடியற்காலையில் சாதகம் செய்தார்கள். அப்படிப்பட்ட ரசிகரை ஊர் ஊராக உருவாக்கி அனுப்பியவர் போனபின், மேடைக்குக் கூட்டம் கிடைத்தது; கேட்கிறவர்கள் குறைந்துபோனார்கள்.

ஆள் சேர்க்கும் திறமை நம்மிடம் அழிந்துவிடவில்லை. மாநாட்டுக்கு லாரி பிடிக்கிறோம், பழனிக்கும் மேல்மருவத்தூருக்கும் வேன் பேசுகிறோம், முதல்நாள் முதல்காட்சிக்கு மன்றமாகப் போகிறோம். ஆனால் ஒரு பாட்டைக் கேட்க, கேட்டுவிட்டு வழியெல்லாம் அதைப் பற்றிச் சண்டை போட, ஒருவரும் வண்டி பிடிப்பதில்லை.

டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ என்று 1972இல் எழுதிவைத்ததால் மேடைக்குப் பின்னால் நடந்தது நமக்குத் தெரிகிறது. கொட்டகைக்கு வெளியே வண்டிகள் நின்ற இடத்தைப் பற்றி அப்படி ஒரு புத்தகம் நான் பார்த்ததில்லை. கம்பெனி நாடகத்தைப் பிள்ளை வயதில் பார்த்தவர்களுக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நாடகம், எந்த ஊர்க் கொட்டகை, யார் யார் கூட வந்தார்கள், வண்டி யாருடையது, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனவர் யார்.