இருபத்து நான்கில் ஒரு பங்கு

1945 ஜூனில் அமெரிக்க விமானங்கள் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தைக் குண்டு போட்டு எரித்தன. அடுத்த ஆண்டே அந்த ஊரில் யோஷியோ தமியா என்பவர் ஒரு மர அறுவை ஆலையைத் தொடங்கினார். எரிந்த ஊரைத் திரும்பக் கட்ட மரம் வேண்டுமே. 1948இல் அதே நிறுவனம் மரத்தில் மாதிரி உருவங்கள் செய்து விற்க ஆரம்பித்தது. 1953இல் மர வியாபாரத்தை விட்டுவிட்டு, இனி மாதிரிகள் மட்டும்தான் என்று முடிவெடுத்தது. இன்று நம் ஊர் ஹாபி கடைகளில் சிவப்பும் நீலமுமாக இரண்டு நட்சத்திரம் போட்ட பெட்டிகளைப் பார்க்கிறோமே, அந்தத் தமியாவின் பூர்வீகம் இதுதான்.

நான் கார் கிட் ஒட்டுகிறவன். "இவ்ளோ வயசாகியும் காடி பொம்ம வெச்சு வெளயாடிக்கிட்டு இருக்கான்" என்று வீட்டில் சொல்வார்கள். பொம்மை இல்லை என்று விளக்குவதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. ஆனால் இந்தப் பெட்டிகளுக்குள் நாம் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு வரலாறு கிடக்கிறது என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 1/24 என்றால் நிஜக் காரின் ஓர் அடி, மாதிரியில் அரை அங்குலம். அடி, அங்குலம் என்று அளந்தவர்களுக்கு வசதியான கணக்கு. 1/43 அளவு கார்கள் வந்தது பொம்மை ரயிலால். ஓ வகைத் தண்டவாளத்தின் பக்கத்தில் நிறுத்த அதே அளவில் கார் தேவைப்பட்டது. அமெரிக்கர்கள் பெரும்பாலும் 1/25இல் நின்றுவிட்டார்கள். அதற்குப் பின்னால் டெட்ராய்ட் கார் கம்பெனிகளின் வியாபாரம் இருக்கிறது. 1948இல் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம், கார் விற்பனைக் கடைகளில் விளம்பரத்துக்குக் கொடுக்கும் சின்னக் கார்களைச் செய்துகொண்டிருந்தது. 1958இல் அதையே பிரித்துப் பெட்டியில் போட்டு, ஒரே கிட்டில் மூன்று விதமாகக் கட்டலாம் என்று பையன்களுக்கு விற்றது. ஒவ்வொரு வருஷமும் புதுக் கார் வரும், கூடவே புதுக் கிட்டும் வரும். அப்பா காரைப் பார்க்க, பையன் கிட்டைப் பார்க்க, வருங்கால வாடிக்கையாளர் ஒருவர் பசையும் கையுமாக வளர்ந்துகொண்டிருப்பார்.

அந்த அமெரிக்க பிளாஸ்டிக் கிட்டுகள் ஜப்பானுக்குள் வந்ததும் மர மாதிரிகளை வாங்க ஆளில்லாமல் போயிற்று. தமியாவும் 1960இல் தன் முதல் பிளாஸ்டிக் கிட்டைக் கொண்டுவந்தது. எதைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? யமாட்டோ. 1945 ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த, ஜப்பானின் மிகப் பெரிய போர்க்கப்பல். அதே கப்பலைப் போட்டி நிறுவனம் ஒன்று குறைந்த விலையில் விற்கவே, தமியாவின் யமாட்டோ சந்தையிலும் மூழ்கியது. கையைக் கடித்த அந்த நஷ்டத்திலிருந்து கம்பெனியைத் தூக்கிவிட்டது, பொம்மை அச்சுகளை வைத்து மலிவாகச் செய்த சின்னப் பந்தயக் கார் கிட்டுகள். போர்க்கப்பல் கவிழ்த்ததைக் கார் நிமிர்த்தியது.

பிறகு யோஷியோவின் மகன் ஷுன்சாக்கு தமியாவின் காலம். 2025 ஜூலையில், 90 வயதில் இறந்தார். நிஜத்தைப் பார்க்காமல் மாதிரி செய்யக் கூடாது என்பதில் பிடிவாதமானவர். 1967இல் ஹோண்டாவின் ஆர்ஏ273 ஃபார்முலா ஒன் காரை 1/12 அளவில் கொண்டுவந்தார்கள். 1976இல் போர்ஷே 934 கிட்டுக்காக ஒரு நிஜமான போர்ஷே 911ஐ விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். திரும்பப் பூட்ட நிபுணர் வர வேண்டியிருந்தது. அச்சுக்குக் கொட்டிய பணத்தை மீட்க, அதே கார் உடலை ரிமோட்டில் ஓடும் காரின் மேல் பொருத்தினார்கள். தமியாவின் ரிமோட் கார்கள் அங்கிருந்து தொடங்கின. 1982இல் வந்த மினி 4டபிள்யூடியைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேட்டரி, பசை வேண்டாம், ரிமோட்டும் வேண்டாம். தொண்ணூறுகளில் எங்கள் தாமான் பசங்க பாதிப் பேரின் சேமிப்பு அதில்தான் போனது.

எனக்குப் பிடித்த கிட், டிரல் பி34. முன்னால் நான்கு குட்டிச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம். 1976 ஸ்வீடன் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது. அடுத்த ஆண்டோடு அதன் கதை முடிந்தது. அந்தச் சின்ன டயரை யாரும் தொடர்ந்து மேம்படுத்தவில்லை. 1983இல் நான்கு சக்கரத்துக்கு மேல் கூடாது என்று விதியே வந்துவிட்டது. நிஜக் கார் ஓடியது இரண்டே வருஷம், அதன் கிட் இன்றைக்கும் ஒட்டப்படுகிறது. மாதிரிகள் இப்படித் தோற்றதைக் காப்பாற்றி வைக்கும். சிலவற்றை அழிக்கவும் செய்யும். பழைய பந்தயக் கார்களின் கிட்டுகளில் இப்போது சிகரெட் கம்பெனிகளின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அந்தக் கார்களை ஓட்டியதே சிகரெட் காசுதான். வெற்றுச் சிவப்பும் வெள்ளையுமாக அலமாரியில் நிற்கும்போது எல்லாம் சுத்தமாகத் தெரியும்.

இந்தச் சுத்தத்தின் மேல் எனக்கு முதலில் சந்தேகம் வரவைத்தது என் பாட்டி. நான் தமியா பெட்டியோடு வந்த ஒரு நாள், "ஜப்பான்காரன் சாமானா?" என்று மட்டும் கேட்டார். பாட்டியின் அப்பா 1943இல் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பி வரவில்லை. 415 கிலோமீட்டர் ரயில் பாதை. போட்டு முடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம்தான் ஆனது. செத்த ஆசியத் தொழிலாளர்களில் மலாயாத் தமிழர்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை முழுமையான பட்டியல் கிடையாது. அந்தப் பாதையில் ஓடிய சி56 ரக இன்ஜின் ஒன்றைத் தோக்கியோவில் யாசுகுனி ஆலய அருங்காட்சியகத்தில் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த ரக இன்ஜினுக்குச் சின்ன ரயில் மாதிரிகளும் விற்கின்றன. ஆணி வரைக்கும் துல்லியமாக இருக்கும். இன்ஜினுக்கு அளவு இருக்கிறது, அச்சு இருக்கிறது. ஆட்களுக்குத்தான் ஒன்றும் இல்லை.

இதை ஷிசுவோகாவின் தவறு என்று நான் சொல்லமாட்டேன். எஃகில் ஓர் அச்சு வெட்டப் பெரும் பணம் வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கும் என்று தெரிந்தால்தான் வெட்டுவார்கள். ஃபெராரி விற்கும். தோட்டத்து லாரி யாருக்கு விற்கும்? அதனால் நமக்கு வேண்டியதை நாமேதான் செய்ய வேண்டும். கிட் இல்லாத வண்டியை வெறும் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து வெட்டி ஒட்டிக் கட்டுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். பாட்டி காலத்துத் தோட்டத்தில் ஆட்களை ஏற்றிப் போன லாரி, 1/24 அளவில்.

படம் எதுவும் இல்லை. ஒரு கல்யாணப் போட்டோவின் ஓரத்தில் முன்பக்க விளக்கு ஒன்று மட்டும் தெரிகிறது. அந்த லாரியில் ஏறிய பெரியவர்களைத் தேடிப் போய்க் கேட்டேன். எந்தக் கம்பெனி லாரி என்று யாருக்கும் நினைவில்லை. பின்பக்கப் பலகை எவ்வளவு உயரம் என்று கேட்டதும் ஒரு பாட்டி எழுந்து நின்றுவிட்டார். "இந்தா, இம்புட்டு. பால் வாளியோட ஏற முடியாது. மேல இருக்கறவ கையப் புடிச்சு இழுக்கணும்" என்று நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினார். டேப்பை எடுத்து அளந்தேன். நான்கு அடி. 1/24இல் இரண்டு அங்குலம். பலகையை அந்த அளவுக்கு வெட்டிவிட்டேன். அடுத்து, மேலே இருந்து நீண்ட அந்தக் கையைச் செய்ய வேண்டும்.