கொலோனி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குக் 'கொலோனி' என்றால் ஒரே பொருள்தான்: நம்ம ஊர். பாடத்தில் 'கொலோனி தெ வக்கான்ஸ்' என்று வந்ததும், லீவுக்குமா கொலோனி என்று சிரித்தோம்.

அது பட்டணத்து ஏழைப் பிள்ளைகளைக் கோடையில் கிராமத்துக்கு அனுப்பும் ஏற்பாடு. 1876இல் வால்ட்டர் பியோன் என்ற சுவிஸ் பாதிரியார் சூரிச்சிலிருந்து 68 பிள்ளைகளை அப்பன்செல் மலைப்பக்கம் அழைத்துப்போனார். 1883இல் பாரீசின் 9ஆம் வட்டாரப் பள்ளி நிதியம் அதைப் பின்பற்றியது. முன்நின்றவர் எத்மோன் கொத்தினே.

எனக்குப் பிடித்தது அவர் வைத்த கணக்கு. புறப்படும்போது ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்து, மார்பளவு எடுத்து எழுதினார்கள், திரும்பியதும் மறுபடி. ஆட்டுச் சந்தை ஞாபகம் வரும், உண்மைதான். ஆனால் கிராமத்துக் காற்று நல்லது என்று வாயால் சொன்னால் யார் பணம் கொடுப்பார்கள்? பதிவேட்டில் எண் இருக்க வேண்டும். ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு இது புரியும்.

பிறகு நகராட்சிகளும் இறங்கின. பாரீசை ஒட்டிய சுரேன் நகர மேயர் ஆன்ரி செலியே காலத்தில், பிள்ளைகள் நியேவ்ர் பகுதிக் குடியானவர் வீடுகளிலேயே தங்கினார்கள். 1936இல் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு சட்டமானது. பெற்றோரும் கடலைப் பார்த்தார்கள்.

2002இல் பாரீஸ் நகராட்சி சேன் நதிக்கரையில் மணல் கொட்டி, வெளியூர் போக வழியில்லாதவர்களுக்குக் கடற்கரையையே கொண்டுவந்தது. நமக்கு அது வேடிக்கைதான். கடல் நம் வீதி முனையிலேயே இருக்கிறது.

பிரெஞ்சுப் பிள்ளைகள் இன்றும் கோடையில் போகிறார்கள். பெயரை மட்டும் 'கொலோ' என்று சுருக்கிவிட்டார்கள்.