காருக்குள் ரேடியோ வந்த கதை

காரில் பாட்டுக் கேட்பது 1930-இல் லேசான காரியமில்லை. ரேடியோ ஒரு பக்கம், ஸ்பீக்கர் ஒரு பக்கம், தரைக்கு அடியில் தனி பேட்டரிகள் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்த வேண்டும். இவ்வளவும் செய்து எஞ்சினை ஓடவிட்டால் பாட்டுக்குப் பதில் கரகரப்புதான் கேட்கும்! காரணம், ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி. அதுவும் ரேடியோ அலைகளைக் கிளப்பும். பிளக்குகளில் மின்தடை சேர்த்துத்தான் அதை அடக்கினார்கள்.

சிகாகோவின் பால் கால்வினுக்கு வேறு வழியில்லை. 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பின் அவர் தொழில் தள்ளாடிக்கொண்டிருந்தது. தன் ஸ்டூடிபேக்கர் காரிலேயே ரேடியோவைப் பொருத்தி, 1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். உள்ளே அவருக்கு ஸ்டால் இல்லை. வெளியே காரை நிறுத்திப் பாட்டை அலறவிட்டார். ஆர்டர்கள் கிடைத்தன. விலை சுமார் 120 டாலர். ஃபோர்டு மாடல் ஏ காரே 500 டாலர் சுமாருக்குக் கிடைத்த காலம் அது!

ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் மோட்டரோலா. 1947-இல் கம்பெனிக்கும் அதே பெயராயிற்று.